அம்மம்மாவின்ர அறையில் எத்தனை பாகை?

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். சமவெப்பக் கோடு கீறச் சொன்னால் கீறுவேன், கனடாவின் காலநிலை வலயங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் குளிர் என்று என் உடம்புக்குத் தெரிந்தது இரண்டே விசயம்தான். ஒன்று மார்கழி விடியப்புறத்துக் கிணற்றுத் தண்ணி. மற்றது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாவில் பல்லுக் கிட்டிக்கொண்டு கழித்த ஓர் இரவு. இந்த அனுபவத்தோடுதான் போன வருசம் ஸ்காபரோவில் இருக்கிற ஒரு வீட்டுக்கு நான் தெர்மோஸ்ரற் தெரிவுசெய்தேன். அதைச் சுவரில் பூட்டுகிற வேலைக்கும் யாழ்ப்பாணத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு நான்தான் மேற்பார்வை.

வீடு என்ர பெரியம்மாவுடையது. எங்கட அம்மம்மா 2023 இல் சுப்பர் விசாவில் அங்கே போனவ. அவவுக்கு இப்ப 79 வயசு. அந்த விசாவில் போனவைக்கு அந்த நாட்டு இலவச மருத்துவம் இல்லை, காசு கட்டி எடுத்த காப்புறுதிதான். ஆனபடியால் அம்மம்மாவுக்குத் தடிமன் பிடித்தாலே எங்கட வீட்டில் ஆருக்கும் நித்திரை வராது.

பிரச்சினை வீடியோ கோலில்தான் தொடங்கினது. ரொறன்ரோவில் இரவு ஏழரை என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலமை ஆறு மணி. அம்மா தேத்தண்ணியோடு போனுக்கு முன்னால் இருப்பா. அங்கால அம்மம்மா இரண்டு சுவெற்றர், ஒரு சால்வை, தலையில் கம்பளித் தொப்பி. வீட்டுக்குள்ளே! "ஏன் அவ உள்ளுக்க தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறா? நீ ஹீற்றர் போடுறேல்லையே?" என்று அம்மா கேட்பா. "நான் 21 இல வச்சிட்டுத்தான் வேலைக்குப் போறனான், அவதான் குறைக்கிறா" என்று பெரியம்மா சொல்லுவா. அம்மம்மா ஒன்றும் சொல்லமாட்டா. கூப்பனுக்கு அரிசி எடுத்த காலம், பதுங்குகுழிக் காலம், மண்ணெண்ணெய் விளக்குக்கும் கணக்குப் பார்த்த காலம் எல்லாம் கடந்து வந்த மனிசி. மகள் இரண்டு வேலை செய்து கட்டுகிற பில்லில் தன்ர பங்குக்கு நாலு டொலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறா. அதை வாய்விட்டுச் சொன்னால் மகள் ஏசுவா என்றும் அவவுக்குத் தெரியும்.

அக்கா தங்கச்சி சண்டை மாதக்கணக்காய் நீண்டது. மேலுக்கு அது பாகைக் கணக்கு. உள்ளுக்குள்ளே ஆர் அம்மாவை வடிவாய்ப் பார்க்கிறது என்கிற கேள்விதான்.

அந்த வீட்டில் முதலில் காஸ் ஃபர்னஸும், கோடைக்கு ஒரு பழைய ஏ.சி.யும் இருந்தன. ஏ.சி. பழுதாய்ப் போனபோது, திரும்ப ஏ.சி. வாங்காமல் அந்த இடத்தில் ஹீற் பம்ப் பூட்டுவம், ஃபர்னஸ் துணைக்கு இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். இது அங்கே புதினமான முடிவு இல்லை. கனடா மத்திய அரசு 2021 இல் தொடங்கிய உதவித்திட்டம் ஒன்றில் இப்படியான வேலைகளுக்கு 5000 டொலர் வரை கொடுத்தது. 2024 இல் புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள், பெரியம்மா ஆக்களுக்கு அது கிடைக்கவும் இல்லை.

ஹீற் பம்ப் என்றால் என்ன என்று கேட்கிற எங்கட ஆக்களுக்கு நான் சொல்லுகிறது இதுதான்: ஏ.சி. பூட்டின கடைக்குப் பின்பக்கத்தால் நடந்து போயிருப்பீர்கள். வெளியே இருக்கிற பெட்டி மூஞ்சையில் சுடுகாத்து ஊதும். அறைக்குள் இருந்த வெப்பத்தைத்தான் அது வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. அதே மெசினை மறுவளமாய் ஓடவிட்டால் வெளியே இருக்கிற வெப்பத்தை எடுத்து உள்ளே கொட்டும். வெளியே மைனஸ் 5 என்றாலும் அந்தக் காத்தில் வெப்பம் இருக்கிறது, குளிரூட்டி வாயு அதைவிடக் குளிராய் இருக்கிறபடியால் எடுக்கலாம். புதிதாய் வெப்பம் உண்டாக்காமல் இருக்கிறதைச் சுமக்கிறபடியால் ஒரு யுனிட் கரண்டுக்கு, அவ்வளவு குளிர் இல்லாத நாளில், மூன்று யுனிட் அளவுக்கு வெப்பம் தரும். குளிர் கூடக்கூட அது இரண்டரை, இரண்டு என்று இறங்கும். மைனஸ் 15 க்குக் கீழே போகிற இரவுகளும் ரொறன்ரோவில் வரும். அப்பதான் ஃபர்னஸ் தேவை.

ஆக ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. எது எப்ப எரியவேண்டும் என்று முடிவெடுக்கிறது சுவரில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான். பூட்டின கொம்பனி ஒரு சாதாரண தெர்மோஸ்ரற்றைப் பூட்டி, மேலும் கீழும் அம்புக்குறி அழுத்தக் காட்டிவிட்டுப் போய்விட்டது. வெளியே எத்தனை பாகை என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கேட்ட சூட்டுக்கும் இருக்கிற சூட்டுக்கும் வித்தியாசம் கூடிப்போனால் "ஹீற் பம்புக்கு ஏலாது, ஃபர்னஸைக் கூப்பிடு" என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த ஒரே விதி.

இப்ப அம்மம்மாவின் சிக்கனத்தைக் கொண்டுவந்து இதுக்குள் வையுங்கள். இரவு பத்து மணிக்கு எல்லாரும் படுத்தபிறகு அவ மெல்ல வந்து 17 க்கு இறக்குவா. காலமை ஐந்துக்குப் பெரியம்மா எழும்பி 21 க்கு ஏத்துவா. நாலு பாகை இடைவெளி. உடனே ஃபர்னஸ் பத்தும். ஹீற் பம்ப் வெளியே சும்மா நிற்கும். வெளியே 4 பாகை இருந்து, ஹீற் பம்ப் தனியாகவே வீட்டைச் சூடாக்கக்கூடிய நாளிலும் இதே கதைதான். குளிர்காலம் முடிந்து காஸ் பில்லைக் கூட்டிப் பார்த்தால் முந்தின வருசத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "ஆயிரக்கணக்கில குடுத்து வாங்கின சாமான் வாசல்ல நிண்டு பூச்சாடி மாதிரி வடிவு காட்டுது" என்றார் பெரியப்பா.

என்னைத் தேடி இந்த வேலை வந்ததற்குக் காரணம் அண்ணா, அதாவது பெரியம்மாவின் மகன், வான்கூவரில் வேலைக்குப் போனதுதான். அவருக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. "கம்பஸ் பிள்ளைதானே, வாசிச்சுச் சொல்லு" என்று பெரியம்மா கையேட்டின் படங்களை ஒவ்வொன்றாய் வட்ஸ்அப்பில் அனுப்பினா. கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வயரிங் எப்படித் தெரியும் என்று ஆரும் யோசிக்கவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது, உண்மையைச் சொன்னால். வாசிக்கத் தெரிந்தவளுக்குக் கையேடும் ஒரு நூல்தானே.

வாசிக்கப் போனதில் ஒரு கிளைக்கதை கிடைத்தது. மின்சாரத் தெர்மோஸ்ரற்றுக்கு 1883 இல் காப்புரிமை எடுத்த வாரன் ஜோன்சன், அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஓர் ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்தவர். வகுப்பு நடக்கேக்க ஊழியர் உள்ளே வந்து எத்தனை பாகை என்று பார்த்து, கீழே போய் அடுப்பைச் சரிபண்ணுகிற தொல்லை பொறுக்காமல்தான் அதைச் செய்தாராம். இந்தச் சாமானைக் கண்டுபிடித்தது ஒரு எரிச்சல்பட்ட வாத்தியார் என்று அறிந்ததும் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

கடைக்குப் போகமுதல் பார்க்கவேண்டிய விசயம் பழைய பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. இன்வேர்ட்டர் ஹீற் பம்புகள் சிலவற்றுக்கு அந்தந்தக் கொம்பனியின் தெர்மோஸ்ரற் மட்டும்தான் பொருந்தும். அவை தங்களுக்குள் இலக்கமுறையில் கதைக்கும், வெளியார் பெட்டி பூட்டினால் ஒன்றில் வேலை செய்யாது அல்லது ஆகச் சாதாரண மெசினாய் ஓடும். நல்லகாலம், பெரியம்மாவின் மெசின் வழக்கமான 24 வோல்ற் வயர்களில் ஓடுகிற வகை. அங்கே சில பழைய வீடுகளில் சுவரோரமாய் மின் ஹீற்றர் இருக்கும், அதுக்கு 240 வோல்ற் நேரடியாய்ப் போகும். அந்த வீட்டில் இந்தப் பெட்டியைப் பூட்டினால் பெட்டியும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

பிறகு வயர் எண்ணுகிற வேலை. ஃபர்னஸும் ஏ.சி.யும் மட்டும் என்றால் ஐந்து வயர் போதும். ஹீற் பம்பும் ஃபர்னஸும் சேர்ந்தால் ஆறு வேண்டும்: ஆர் மின்சாரத்துக்கு, சி அது திரும்பிப் போக, வை கொம்பிரசருக்கு, ஜி காத்தாடிக்கு, டபிள்யூ ஃபர்னஸுக்கு, ஆறாவது ஓ அல்லது பி. பழைய வீடுகளில் நாலு, ஐந்து வயரோடு கேபிள் முடிந்துவிடும். சி இல்லாமல் வைஃபை பெட்டிகள் சரியாய் ஓடாது. இங்கே எட்டு வயர்க் கேபிள் புதிதாய் இழுத்திருந்தது. பூட்டின கொம்பனியைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரேயொரு நல்ல வார்த்தை அது.

நான் கேட்ட அம்சங்கள் மூன்று. வெளி வெப்பநிலையை அறிந்து எந்த அடுப்பு என்று முடிவெடுக்கவேண்டும். அறைகளில் வைக்கிற உணரிகள் இருக்கவேண்டும். அம்மம்மா தொட்டால் விளங்கவேண்டும். மூன்றாவதுக்காக, வட்டமான, பார்க்க ஆக வடிவான ஒன்றைக் கைவிட்டோம். கடைசியில் எடுத்தது எக்கோபீ. 2007 இல் ரொறன்ரோவிலேயே தொடங்கின கொம்பனி என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு தனிப் பெருமை, ஏதோ தன்ர சொந்தக்காரர் செய்த மாதிரி.

பூட்டினது ஒரு சனிக்கிழமை. பெரியம்மாதான் திருப்புளி பிடித்தவ. நான் போனுக்குள்ளே இருந்து சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்ச் செய்தா. முதலில் பிரதான பலகையில் ஃபர்னஸின் பிரேக்கரை விழுத்தினா. வயர்களைக் கழற்றமுதல் இரண்டு பக்கத்தாலும் படம் எடுத்தா. நிறத்தை நம்பாமல் எந்தத் துளையில் எது என்று பார்த்து ஒவ்வொரு வயரிலும் எழுத்து ஒட்டினா. முப்பது வருசம் தொழிற்சாலையில் நின்ற கை, என்னைவிட நிதானமாய் வேலை செய்தது. பெரியப்பா மூன்று தரம் "ஆளைக் கூப்பிடுவமே?" என்று கேட்டார். மூன்று தரமும் பதில் இல்லை.

எனக்கு நெஞ்சு இடித்த இடம் ஓ/பி வயர். ஹீற் பம்பைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மறுவளமாக்குகிற வால்வுக்குப் போகிற வயர் அது. கூடுதலான கொம்பனிகளில் குளிராக்கும்போது அதில் கரண்ட் இருக்கும், அது ஓ. சிலவற்றில் சூடாக்கும்போது இருக்கும், அது பி. பெட்டிக்கு இதைப் பிழையாய்ச் சொன்னால் சூடு கேட்க குளிர் வரும். ஊகிக்க வேண்டாம் என்று சொல்லி, பெரியப்பாவை வெளியே அனுப்பி மெசினின் மூடியில் ஒட்டியிருந்த வயரிங் படத்தை எடுப்பித்தோம். ஓ என்று இருந்தது. அதையே கொடுத்தோம்.

பிரேக்கரைப் போட்டுச் சூடு கேட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. கொம்பிரசரைக் காப்பாற்ற ஐந்து நிமிசம் காத்திருக்கும் என்று கையேட்டில் இருந்தது, எண்டாலும் அந்த ஐந்து நிமிசம் பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரித்தான். பிறகு வெளியே மெசின் உறுமிற சத்தம் கேட்டது. அம்மம்மா வந்து நிலத்தில் இருக்கிற காத்து வாயில் கையை வைத்தா.

"இது சுடேல்லையே பிள்ளை."

"பொறுங்கோ அம்மம்மா, இது சுடாது. இளஞ்சூடுதான் வரும். ஆனால் நிப்பாட்டாமல் வரும்."

இதை ஆரும் அவவுக்கு முதலில் சொல்லவில்லை. ஃபர்னஸ் காத்து 50 பாகைக்கு மேலே வரும், கையில் சுடும், சட்டென்று நிற்கும். ஹீற் பம்பின் காத்து 35 சொச்சம், எங்கட உடம்புச் சூட்டுக்குக் கிட்ட. அதில் கை வைத்தால் சூடு என்று தெரியாது. போன குளிர்காலம் முழுக்க அம்மம்மா அந்தக் காத்தைத் தொட்டுப் பார்த்து, "மெசின் பழுது, சும்மா கரண்ட் போகுது" என்று நினைத்துத்தான் இறக்கியிருக்கிறா. சிக்கனத்தோடு இந்தக் காரணமும் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த கிழமை பெரியப்பா ஒரு வீடியோ அனுப்பினார், வெளி மெசினிலிருந்து புகை கிளம்புது என்று. புகை இல்லை, நீராவி. வெளிச் சுருளில் உறைபனி பிடித்தால் மெசின் கொஞ்ச நேரம் மறுபடி ஏ.சி.யாய் ஓடி வீட்டுச் சூட்டில் கொஞ்சத்தை எடுத்து அதை உருக்கும். அதுக்குள் வீடு குளிராமல் ஃபர்னஸ் துணைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்கு அடிக்கப் பார்த்தாராம்.

அமைப்புகளில் ஆக நேரம் எடுத்தது எந்த வெப்பநிலையில் ஹீற் பம்பை விட்டு ஃபர்னஸுக்கு மாறவேண்டும் என்பது. இதுக்குக் கொப்பியில் கணக்குப் போட்டேன். ஒரு கன மீற்றர் காஸ் நல்ல ஃபர்னஸில் எரிந்தால் ஏறத்தாழ 10 யுனிட் வெப்பம். அதே வெப்பத்துக்கு, மூன்று மடங்கு தருகிற நாளில் ஹீற் பம்புக்கு மூன்றேகால் யுனிட் கரண்ட் வேண்டும், இரண்டு மடங்கு தருகிற நாளில் ஐந்து. பெரியம்மாவின் இரண்டு பில்லையும் வைத்துப் பார்த்தால், பகலில் குளிர் கூடினால் காஸ் மலிவு. ஆனால் ஒன்ராறியோவில் 2023 இலிருந்து இரவு 11 தொடக்கம் காலமை 7 வரை கரண்டை மிக மலிவாய்த் தருகிற ஒரு திட்டம் இருக்கிறது. அதுக்கு மாறினால் இரவில் ஹீற் பம்ப் வெல்லுகிறது. பின்னேரம் 4 இலிருந்து 9 வரை அந்தத் திட்டத்தில் விலை எகிறும், அதையும் பார்க்கவேண்டும். கடைசியில் மைனஸ் 6 இல் மாறச் சொன்னோம். வெளியே 3 பாகைக்கு மேலே என்றால் ஃபர்னஸ் வரவே கூடாது என்று பூட்டிவிட்டோம். ஒரு பாகை குறைத்தால் ஏதோ மிச்சம்தான், நாலு பாகை குறைத்து விடிய ஏத்தினால் முழுதையும் காஸ் தின்னும் என்று அம்மம்மாவுக்குப் பெரியம்மா படம் கீறி விளங்கப்படுத்தினா. இப்ப இரவில் ஒரு பாகைதான் இறங்கும், அதுவும் தானாக.

உணரிகள் இரண்டு வாங்கினோம். ஒன்று அம்மம்மாவின் அறைக்கு, அதில் கேள்வியே இல்லை. தெர்மோஸ்ரற் கீழே நடைபாதையில் இருக்கிறது, அவவின் அறை மேலே, கராஜுக்கு மேல். நடைபாதை 21 காட்டின நேரம் அவவின் அறை 18. எங்கட அம்மாவும் பெரியம்மாவும் இவ்வளவு காலமும் ஆளுக்கொரு உண்மையை வைத்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள். பொதுவாய் ஆக்களுக்கு 18, வயசானவைக்கு அதைவிடக் கூடத் தேவைப்படலாம் என்கிற அளவில்தான் உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி பேசுகிறது.

இரண்டாவதை வரவேற்பறையில் வைப்பம் என்றா பெரியம்மா. நான் பேஸ்மென்ற்றைச் சொன்னேன். அங்கே ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறா, வவுனியா, என்ர வயசு, கொலிச்சில் படிக்கிறா. பெட்டி மேலே இருக்கிறபடியால் குளிர்ந்தால் அவவுக்கு ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு மெசேஜ் போடலாம், அதுக்கும் கூச்சமாய் இருக்கும். கம்பஸுக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கிற எனக்கு அது நல்லாய்த் தெரியும், இங்கே மின்விசிறிக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரர் இருக்கினம். "அவள் குளிருது எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றா பெரியம்மா. "அம்மம்மாவும் சொல்லேல்லைத்தானே" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தம் இல்லை. உணரி கீழே போனது. முதல் இரவு 17.5 காட்டினது. வாடகை வீட்டில் குளிர்காலத்தில் 21 குறையக்கூடாது என்பது ரொறன்ரோ நகரசபையின் விதி. தேடிப் பார்த்தால் பேஸ்மென்ற் காத்து வாய்களில் இரண்டு, எப்பவோ ஆரோ மூடினபடி இருந்தன. திறந்துவிட்டு, இரவில் அந்த இரண்டு உணரியின் சராசரியைப் பார்க்கும்படி விட்டோம். இதால் நடு மாடி கொஞ்சம் கூடச் சுடுகிறது, பெரியப்பா பெனியனோடு திரிகிறார்.

செயலி என்ர போனிலும் இருக்கிறது. இங்கே 33 பாகையில் வேர்த்துக்கொண்டு, அம்மம்மாவின் அறை 20.8 என்று பார்க்கலாம். அந்த உணரிக்கு ஆள் நடமாட்டமும் தெரியும். காலமை அம்மா "அம்மம்மா எழும்பிட்டாவோ பார்" என்பா, நான் பார்த்துச் சொல்லுவேன். எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. அவ எத்தனை தரம் இரவில் எழும்புகிறா என்பது அவவுக்கே தெரியாமல் எங்களுக்குத் தெரிகிறது. ஒருநாள் அம்மா, "அக்காவுக்குச் சொல்லாமல் 23 ஆக்கிவிடு" என்றா. ஒரு விரல் வேலைதான். மாட்டன் என்று சொல்லி, போனை அம்மாவின் கையில் கொடுத்து, "பெரியம்மாவோட நேர கதையுங்கோ" என்றேன். கதைத்தார்கள். முக்கால் மணித்தியாலம். பாகையைப் பற்றிக் கதைத்தது முதல் ஐந்து நிமிசம் மட்டும்தான். பிறகு 1995 இடப்பெயர்வு, தாத்தாவின் சைக்கிள் என்று எங்கேயோ போய்விட்டது. அம்மம்மாவிடம் அந்த உணரியைப் பற்றிச் சொன்னபோது, "என்னை ஆர் பாக்கிறது, பாத்தாப் பாக்கட்டும்" என்றா. என்றாலும் நடமாட்டம் காட்டுகிறதை என்ர பக்கத்தில் இப்ப பார்க்கிறதில்லை.

அம்மம்மா இப்ப தானே போய் அம்புக்குறியை அழுத்துகிறா, மேல்பக்கத்து அம்பை. தொப்பி இன்னும் போடுகிறா, பழகிப்போச்சாம். போன கிழமை கேட்டா, "உது சித்திரை, வைகாசிக்கு என்ன செய்யும் பிள்ளை?"

"அந்த ஓ வயரில கரண்ட் போகும் அம்மம்மா. அதே மெசின் மறுவளமா ஓடி வீட்டைக் குளிராக்கும்."

"ஐயோ, அப்ப கொப்பியில எழுதி வை. அந்த வயரைக் கழட்டச் சொல்லு கொம்மாவின்ர அக்காவிட்ட. எனக்கு வெக்கை காணும்."